முப்பத்தொன்பது டீச்சர்

"எண்ணினது நீதான்னு சொல்லிடு," என்றாள் அண்ணி.

"நான் எண்ணலையே அண்ணி. நான் பின்னாடி சீட்ல..."

"எனக்குத் தெரியாதா? நீ வாந்தி எடுத்த பிள்ளையைப் பிடிச்சிட்டு இருந்த. வாசல்ல நின்னு எண்ணினது நான்தான். ஆனா நீ புதுசு. புதுசா வந்தவ தப்புப் பண்ணினா நாலு வார்த்தை திட்டிட்டு விட்டுடுவாங்க. நான் பண்ணினேன்னு தெரிஞ்சா அடுத்த மாசம் வர வேண்டிய தலைமை ஆசிரியை பதவி வராது. ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கோ. அந்த நாற்காலியில உக்காந்ததும் நானே எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்றேன். என்ன, நம்ம வீட்டுக்குள்ளதானே?"

இந்தப் பேச்சு நடந்து ஏழு வருடமாகிறது. டீச்சருக்கு அதில் ஒரு சொல் கூடப் பிசகாமல் நினைவிருக்கிறது. அப்போது பேருந்துக்குள் அடித்த ஆரஞ்சுத் தோல் வாசனையும், மடியில் படுத்திருந்த பிள்ளையின் ஈரத் தலையும், தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த அண்ணியின் கையில் ஊறிய வியர்வையும் கூட நினைவிருக்கின்றன. பேருந்து வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மீன் காட்சியகத்திலிருந்து தொலைபேசி வந்திருந்தது: உங்கள் பிள்ளை ஒன்று இங்கே நிற்கிறது. விஷயம் புரியாத மீதிப் பிள்ளைகள், மீன்களை இன்னொரு முறை பார்க்கப் போகிறோம் என்று கைதட்டிப் பாடிக்கொண்டு வந்தன. டீச்சருக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு மாதம். வேலையில் சேர்ந்து ஒன்றரை மாதம். வேலையை வாங்கிக் கொடுத்தவள் அண்ணி. கல்யாணத்தைப் பேசி முடித்தவளும் அண்ணி. கணவனின் அக்கா, பெற்றோர் இல்லாத தம்பியைத் தானே வளர்த்து ஆளாக்கியவள். அவள் முகம் அன்று வெளுத்துப்போய், உதடு காய்ந்து, ஒரே நாளில் பத்து வயது கூடினது போலிருந்தது. டீச்சர் தலையை ஆட்டினாள். கோபம் அப்போது வரவேயில்லை. இப்போது நினைத்தால், வராமல் போன அந்தக் கோபத்தின் மேல்தான் அவளுக்கு முதல் கோபம்.

நடந்தது இவ்வளவுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனால் பிள்ளைகளைத் தலை தொட்டு எண்ணுவதில்லை. ஆளுக்கொரு எண். ஆசிரியை பேருந்து வாசலில் பட்டியலோடு நிற்பாள். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒண்ணு, ரெண்டு என்று வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும். கேட்கிற குரலுக்கு ஒரு டிக். இதில் கட்டுப்பாடும் உண்டாம், கணக்குப் பாடமும் உண்டாம். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்றும் இதில் உண்டு. பக்கத்து இருக்கைக்காரி எங்கேயாவது போயிருந்தால் அவளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவது பிள்ளைகளின் வழக்கம். அதற்கு அவர்கள் மத்தியில் 'சேர்த்துச் சொல்றது' என்றே பெயர். சேர்த்துச் சொல்லாதவள் நல்ல தோழி இல்லை. அன்று பதினெட்டாம் எண்காரி கழிவறையில் இருந்தாள். பதினேழாம் எண்காரி தன் எண்ணைச் சொன்னாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு பதினெட்டையும் சொன்னாள். அண்ணி டிரைவரோடு ஏதோ பேசிக்கொண்டே இரண்டு டிக் போட்டாள். நாற்பது பேர் என்று கணக்குச் சரியாக வந்தது. முப்பத்தொன்பது பேரோடு பேருந்து கிளம்பியது.

மறுநாள் பதினேழாம் எண்காரியே டீச்சரின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதபடி இதைச் சொன்னாள். டீச்சர் மூச்சிரைக்க ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னாள்: இனிமேல் தலையைத் தொட்டு எண்ணலாம் அண்ணி, இந்த முறையில்தான் ஓட்டை. அண்ணி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு, சின்னப் பிள்ளையை எதற்கு மாட்டிவிட வேண்டும், பாவம், விட்டுவிடு என்றாள். எவ்வளவு இளகிய மனசு என்று அன்று டீச்சருக்குக் கண் கூடக் கலங்கியது.

முறை மாறவில்லை. இந்த ஏழு வருடமும் அதே பட்டியல், அதே குரல், அதே டிக். ஏன் என்று டீச்சருக்குப் புரிய மூன்று வருடம் பிடித்தது. முறையை மாற்றினால் முறை தப்பு என்றாகும். முறை தப்பு என்றால், வாசலில் பட்டியலோடு நின்றது யார் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில், ஒரு புது டீச்சர் அசட்டையாக இருந்துவிட்டாள் என்பது எவ்வளவோ சௌகரியம்.

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. காவலாளி கொடுத்த பிஸ்கட்டைத் தின்றபடி மீன் தொட்டி முன்னால் ஐம்பது நிமிடம் நின்றிருந்தாள். ஆனால் அவள் அப்பா மறுநாள் வந்து போட்ட சத்தம் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டது. "நாப்பது பேரைக் கூட்டிட்டுப் போய் முப்பத்தொன்பது பேரைக் கொண்டு வந்த டீச்சர் யாரு?" என்று அவர் கேட்டதும், எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கடைசியில் இவள் முகத்தைப் பார்த்தார்கள். அன்று ஒட்டிக்கொண்ட பேர் அது. முப்பத்தொன்பது டீச்சர். முதலில் ஆசிரியைகள் அறையில் கிசுகிசுப்பாக இருந்தது, பிறகு ஆயா வாய்க்குப் போனது, ஆயாவிடமிருந்து பிள்ளைகளுக்கு. காரணம் தெரியாத பிள்ளைகள் அதை மரியாதைப் பேராகவே எடுத்துக்கொண்டன. "முப்பத்தொன்பது டீச்சருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று கலர் பென்சிலில் எழுதிக் கொண்டுவந்து நீட்டும்போது சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டாள்.

அண்ணிக்கு அடுத்த மாதமே பதவி வந்தது. ஒரு வருடம் போனது. இரண்டாவது வருடமும் போனது. அண்ணி கெட்டவளா என்று யாராவது கேட்டால் டீச்சரால் ஆமாம் என்று சொல்ல முடியாது. டீச்சரின் பிரசவத்துக்குப் பத்து நாள் விடுப்புப் போட்டு ஆஸ்பத்திரிப் பெஞ்சில் படுத்துக் கிடந்தவள் அண்ணி. பிள்ளையை முதன்முதலில் கையில் வாங்கியவள் அண்ணி. புடவை எடுத்தால் இரண்டாக எடுப்பாள். நல்லதை இவளுக்குத் தருவாள். டீச்சருக்குக் காய்ச்சல் என்றால் ரசத்தோடு வந்து நிற்பாள். அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்தாள். கேட்கலாம் என்று டீச்சர் வாயெடுக்கும் ஒவ்வொரு முறையும் அண்ணியின் கையில் ஏதாவது ஒன்று, இவளுக்காக, இருக்கும். அது புடவையா, ரசமா, அல்லது வாயில் வைத்து அடைக்கும் துணியா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமலே ஏழு வருடம் ஓடிவிட்டது.

இந்த வருடம் பள்ளிக்கு வெள்ளி விழா. வாரம் முழுவதும் கொண்டாட்டம்: திங்கள் மாறுவேடம், செவ்வாய் சாக்கு ஓட்டம், புதன் பாட்டும் நடனமும், வியாழன் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு மீன் காட்சியகச் சுற்றுலா. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்த இடத்துக்கு முதல் முறையாக. புதன் மதியம் ஆசிரியைகள் அறையில் அண்ணி பொறுப்புப் பட்டியலை வாசித்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அவளுக்கே உரிய நிதானத்தோடு. தண்ணீருக்கு இன்னார், முதலுதவிக்கு இன்னார். எண்ணிக்கைக்குப் போன மாதம் சேர்ந்த புது டீச்சர். வருடா வருடம் அப்படித்தான். எண்ணிக்கைக்கு நேரே புதிதாகச் சேர்ந்தவளின் பெயர் இருக்கும், வாசலில் பட்டியலோடு நிற்பது மட்டும் அண்ணியாக இருக்கும். யாரும் கேட்டதில்லை. பட்டியலின் கடைசி வரி: பள்ளியில் இருப்போருடன் முப்ப... அண்ணி சட்டென்று நிறுத்தி, "நம்ம டீச்சர்," என்று திருத்திக்கொண்டாள். இரண்டு பேர் குனிந்து தேநீரை ஊதினார்கள். ஊத வேண்டிய அளவுக்கு அது சூடாக இல்லை.

பள்ளியில் இருப்போர் என்பது ஒரு தனி வகுப்பு. வீட்டில் கையெழுத்துக் கிடைக்காத பிள்ளை, காலில் கட்டுப் போட்ட பிள்ளை, பேருந்தைப் பார்த்தாலே வாந்தி எடுக்கும் பிள்ளை, கடித்து வைத்த பிள்ளை, கடிபட்ட பிள்ளை. ஏழு வருடமாக அவர்கள் டீச்சரின் பங்கு. எல்லோரும் போன பிறகு வெறிச்சோடிய வராந்தாவில் அவர்களை உட்காரவைத்து, காகிதத்தில் மீன் வெட்டி, நூலில் கட்டி, மின்விசிறியில் தொங்கவிட்டுச் சுற்றவிடுவாள். பிள்ளைகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும். அவளுக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடிக்கும். பிடிக்கும் என்பதையே காரணமாக்கி, "அவளுக்கு அதுதான் இஷ்டம்" என்று அண்ணி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது டீச்சர் மட்டும் எழவில்லை. இந்த வருடம் என் மகள் ஒன்றாம் வகுப்பு, நானும் வருகிறேன் மேடம் என்றாள். பள்ளியில் அண்ணி இல்லை, மேடம்தான். அண்ணி அருகில் வந்து அவள் தோளில் கை வைத்து, குட்டியை நான் என் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்கிறேன், உனக்கு எதற்கு அந்த இடத்துக்குப் போய் மனக்கஷ்டம் என்றாள். டீச்சருக்குக் காதுமடல் வரை சூடேறியது. யாருடைய மனக்கஷ்டம்? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். விழுங்கி விழுங்கி அவளுக்குத் தொண்டையே வேறு மாதிரி ஆகியிருக்க வேண்டும்.

வீடு அவள் கணவனின் அச்சுக்கடைக்கு மேல். பள்ளிக்கான பதாகைகள், அடையாள அட்டைகள் எல்லாம் அங்கேதான் அடிக்கப்படும். சாயங்காலம் அவன் சுற்றுலாப் பேருந்தில் கட்டப் போகும் நீளமான பதாகையைத் தரையில் விரித்து, மூலைகளில் வளையம் அடித்துக்கொண்டிருந்தான். அதன் மேல் குட்டி குப்புறப் படுத்து, அச்சடித்த மீன்களின் மேல் தன் பொம்மையை நீந்தவிட்டுக்கொண்டிருந்தாள். பொம்மைக்கென்று அவளிடம் ஒரு குரல் உண்டு. மூக்கைச் சுருக்கி, நூல் மாதிரி மெலிதாக. "நான் மீன், எனக்குத் தண்ணி வேணும்" என்று பொம்மை சொன்னது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, நாளைக்குப் போட வேண்டிய அட்டையை மகள் கழுத்தில் மாட்டி அளவு பார்த்தாள். எண் பதினொன்று.

"அம்மா, நீங்க நாளைக்கு வரமாட்டீங்கதானே?" என்றாள் குட்டி.

"ஏன்டா, வரணுமா?"

"வேண்டாம். நீங்க வந்தா பம்பரத்தை அவங்க அம்மா அனுப்ப மாட்டாங்களாம். நீங்க ஒரு பிள்ளையைத் தொலைச்சிட்டீங்களாம். அதனாலதான் உங்களுக்கு முப்பத்தொன்பதாம்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். தாயின் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். சமாதானம் செய்வது போல அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பரவால்லம்மா. வந்தா வாங்க. ஆனா நீங்க எண்ணாதீங்க. அத்தை எண்ணட்டும். அத்தைக்கு நல்லா எண்ண வரும்."

வளையம் அடிக்கும் சத்தம் நின்றது. கணவன் நிமிரவில்லை, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பம்பரம் என்பது குட்டியின் பக்கத்து இருக்கைத் தோழி. ஓரிடத்தில் நில்லாதவள் என்பதால் அந்தப் பேர். பிள்ளைகளுக்குக் கூட வேடிக்கையான காரணத்தோடு பேர் வருகிறது, எனக்கு மட்டும்தான் அடுத்தவள் செய்ததற்குப் பேர் வந்தது என்று டீச்சர் நினைத்தாள். மகளைக் குளிக்க அனுப்பினாள். குளியலறைக் கதவு சாத்தியதும் கணவனின் முன்னால் வந்து நின்றாள். அவனுக்கு எல்லாம் தெரியும். சம்பவம் நடந்த வாரமே சொல்லியிருந்தாள். அக்கா சொன்னால் செய்வாள், கொஞ்சம் பொறு என்று அன்று சொன்னவன், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழும் போதெல்லாம் கடைக்குக் கீழே இறங்கிப் போய்விடுவான். இப்போது இறங்க வழியில்லை. பதாகை வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"நாளைக்கு உங்க அக்காகிட்ட கேக்கப் போறேன்," என்றாள்.

"நாளைக்கா? வெள்ளி விழா நேரத்துலயா? சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பொறுமையாப் பேசலாமே. ஏழு வருஷமாச்சு, எல்லாரும் மறந்துட்டாங்க."

"மறந்திருந்தா அந்தப் பேரும் மறந்திருக்கும்ல?"

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். அக்கா தனக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாமல் இருந்தவள், அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் என்ன இருக்கிறது என்று முணுமுணுத்தான். புதிதல்ல. இதைக் கேட்டு உருகிய நாட்கள் உண்டு. இன்று உருகவில்லை. "உங்க அக்காவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, தம்பி இருக்கான், நல்ல பேர் இருக்கு. எனக்கு என் பேராவது இருக்கணுமா வேண்டாமா? என் வயித்துல பிறந்தது, நீ எண்ணாதேங்குது," என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தாதே என்று சொல்லியிருப்பான். அன்று சமையலறையில் பாத்திரங்கள் எல்லாம் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன. ஒன்று நெளிந்தும் போனது.

காலையில் பள்ளி வாசலில் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. கணவன் அதன் பக்கவாட்டில் பதாகையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். பெற்றோர் வாசலெங்கும் நின்று, பத்து நிமிடத்துக்கு முன் கொடுத்த முத்தம் போதாமல், ஜன்னல்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, டிபன் டப்பா. ஒரு அப்பா ஜன்னல் வழியாக ஸ்வெட்டரைத் திணிக்க, அது வேறு யாரோ பிள்ளையின் மடியில் விழுந்தது. டீச்சர் தன் பங்குப் பிள்ளைகள் ஐந்து பேரோடு பேருந்தின் நடு ஜன்னலுக்கு நேரே நின்றாள். ஒவ்வொரு வருடமும் அங்கேதான் நிற்பாள். வழியனுப்ப என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிற்பது கேட்பதற்கு. ஒண்ணு என்று முதல் குரல் எழும்போது அவள் விரல் மடக்கத் தொடங்குவாள். நாற்பது வரைக்கும் நிறுத்த மாட்டாள். ஒரு குரல் இரண்டாகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஏழு வருடமாக, யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், அந்தப் பள்ளிக்கூடத்தில் உண்மையாகவே எண்ணிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

அண்ணி வாசற்படியில் நின்றாள். விழாவுக்கென்று எடுத்த நீலப் புடவை, கழுத்தில் விசில், கையில் பட்டியல். இவளிடமும் அதே புடவை இருந்தது. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள். புது டீச்சர் பேருந்தின் கடைசியில், பயத்தில் அழும் பிள்ளையொன்றை மடியில் போட்டுக்கொண்டு தேற்றிக்கொண்டிருந்தாள். விசில் ஊதியதும் குரல்கள் ஆரம்பித்தன. ஒண்ணு. ரெண்டு. ஒரு அம்மா அண்ணியிடம் வந்து திரும்பும் நேரம் கேட்டாள். அண்ணி அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே டிக் போட்டாள். ஏழு. எட்டு. சாயங்காலம் ஐந்துக்குள் வந்துவிடுவோம். ஒம்பது. பத்து.

"பதினொண்ணு," என்றது குட்டியின் குரல், பெருமையாக.

"பன்னெண்டு," என்றது பொம்மையின் குரல்.

டீச்சர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். மூக்கைச் சுருக்கிய, நூல் மாதிரி மெலிந்த அந்தக் குரலை உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பதிமூணு, பதினாலு என்று ஓடி நாற்பதில் போய் முடிந்தது. அண்ணி பட்டியலை மடித்தாள். சரி, கிளம்பலாம் என்றாள். டிரைவர் கதவின் நெம்புகோலைத் தொட்டார். டீச்சர் ஓடவில்லை. இரண்டு அடி முன்னால் வந்து, பேருந்தின் தகரத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். பதாகை அதிர்ந்தது. இன்னொரு முறை அடித்தாள். ஏழு வருடமும் அந்தக் கையில் இருந்தது போல விழுந்தது அடி; உள்ளே பிள்ளைகள் எல்லாம் மௌனமாகிவிட்டன.

"பன்னெண்டு இல்ல," என்றாள்.

அண்ணி மெல்லச் சிரித்தாள். நாற்பது வந்துவிட்டது, கணக்குச் சரியாக இருக்கிறது என்று பட்டியலைக் காட்டினாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மைதானத்தின் மூலையிலிருந்த குழாயடிப் பக்கமிருந்து ஒரு ரெட்டைச்சடை ஓடி வந்தது. ஒரு காலில் ஷூ, இன்னொரு ஷூ சொட்டச் சொட்டக் கையில். சேற்றில் மிதித்துவிட்டதாம், அத்தோடு போனால் மீனுக்குப் பிடிக்காதாம், கழுவப் போனாளாம். கழுத்தில் அட்டை ஆடியது. பன்னிரண்டு. வாசல் பக்கம் நின்ற பம்பரத்தின் அம்மாவின் கை, ஜன்னலைப் பார்த்து ஆட்டிய நிலையில் அப்படியே நின்றது. "என் பொண்ணு உள்ள இருக்கான்னு நினைச்சுதானே இவ்வளவு நேரம் கையாட்டிட்டு இருந்தேன்," என்றாள். யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள். அவள் பார்வை பழக்கத்தில் வந்து நின்ற இடம் டீச்சரின் முகம்.

வாசலில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அண்ணிக்கு மூச்சு ஒரு முறை தடுக்கியது. அதை டீச்சர் பார்த்தாள். ஒரு கணம், சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகும் அப்படி நம்பத் தோன்றியதே, அதை நினைத்தால் அவளுக்கே ஆச்சரியம். அண்ணி பேருந்துக்குள் திரும்பி, புது டீச்சரைக் கீழே கூப்பிட்டாள். எண்ணிக்கைப் பொறுப்பு உன் பெயரில்தானே இருக்கிறது, என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று, எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் கோபமில்லாமல் கேட்டாள். புது டீச்சர் படியில் இறங்கி நின்றாள். அவள் தோள் அழுத பிள்ளையின் மூக்குச்சளியில் நனைந்திருந்தது.

"நான் எண்ணலையே மேடம். நான் பின்னாடி சீட்ல..."

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள். "சரி, விடு. புதுசுதானே. அப்புறம் பேசிக்கலாம்," என்றாள்.

அந்தப் பிடியை டீச்சருக்குத் தெரியும். பெருவிரல் எங்கே படும், வளையல் எங்கே அழுந்தும், வியர்வை எப்படி ஊறும் என்று தெரியும். ஏழு வருடமாக அவள் மணிக்கட்டை விட்டுப் போகாத பிடி இப்போது இன்னொருத்தியின் கையில் ஏறிக்கொண்டிருந்தது. தன் பங்குக்கு மட்டும் கேட்க வேண்டுமென்றால் இன்னும் ஒரு வருடம் கூட அவள் விழுங்கியிருப்பாளோ என்னவோ. அவள் நடந்து போய் இருவருக்கும் நடுவில் நின்று, அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிள்ளை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல, அவசரமில்லாமல். கணவன் பதாகைக் கயிற்றைக் கையில் பிடித்தபடி இரண்டு அடி வந்தான். "வீட்ல பேசிக்கலாம்மா," என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மூன்றாவது அடி வைக்கவில்லை.

நடு ஜன்னலில் குட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேர்த்துச் சொன்னது தப்பாகிவிட்டது என்று புரிந்து கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது. இது உன் தப்பில்லடா என்று டீச்சர் அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் வேறு.

"அண்ணி," என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குள் அந்தச் சொல் இதுவரை கேட்டதில்லை. ஆயா கூடத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றாள்.

"இன்னைக்கு எண்ணினது யாருன்னு சொல்லுங்க. அன்னைக்கு எண்ணினது யாருன்னும் சொல்லுங்க. ஒரு வருஷம்னு கேட்டீங்க, ஏழு வருஷம் குடுத்துட்டேன். வீட்ல வேண்டாம். இங்க, எல்லார் முன்னாடியும். என் பொண்ணு காதுல விழற மாதிரி சொல்லுங்க அண்ணி."

டிரைவர் எஞ்சினை அணைத்தார். அண்ணியின் கழுத்தில் தொங்கிய விசில், ஊதாமலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மடித்த பட்டியல் கையிலிருந்து மெதுவாகத் திறந்துகொண்டது. அந்த அமைதியை மறுபடி எண்ணச் சொல்லும் உத்தரவு என்று எடுத்துக்கொண்டோ என்னவோ, பேருந்தின் முன்னிருக்கையிலிருந்து ஒரு பிள்ளை, முதுகை நேராக்கிக்கொண்டு, தெளிவாகச் சொன்னது:

"ஒண்ணு."